அண்ணன் கையில் வராத எண்

பிரஷர் மெஷினின் பட்டை மூன்றாவது முறையாக இறுகி, முனகி, காற்றை விட்டது. திரையில் எண் வரவில்லை. எரர் என்ற சொல் இரண்டு தரம் கண்சிமிட்டிவிட்டு நின்றது.

"இப்பவும் அதேதானா?" என்றாள் அண்ணி.

"இருங்க அண்ணி."

அண்ணனின் கையிலிருந்து பட்டையைக் கழற்றித் தன் கையில் சுற்றிக்கொண்டு தங்கை பொத்தானை அழுத்தினாள். நூற்றுப் பதினெட்டு, எழுபத்து நான்கு. கழற்றி மறுபடி அண்ணன் கையில். எரர். தன் கையில் நூற்றுப் பதினாறு, எழுபத்தைந்து. அண்ணன் கையில் எரர்.

ஒரே இயந்திரம், ஒரே பட்டை. கட்டிலின் இந்த ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கையை அளக்கிறது, அந்த ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணனை அளக்க மாட்டேன் என்கிறது. காலை ஏழு இருபதுக்கு அவளுக்குப் பிடிபடாத கணக்கு இதுதான்.

அவள் தராசு பழுது பார்ப்பவள். கடைத்தெருவின் மேசைத் தராசுகள், கிடங்கில் லாரியிலிருந்து இறக்கும் மூட்டைகளுக்கான எடை மேடை, நகைக்கடையில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும், மூச்சுக்காற்றுக்கே நடுங்குகிற சின்னத் தராசு, எல்லாம் அவள் கைக்கு வந்து போகும். அப்பா நடத்திய கடை. மூத்தவனுக்குத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவனால் ஒரு ஸ்டூலில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. பெயிண்ட் அடிக்கப் போய்விட்டான். ஏணியில் ஏறுவதும் இறங்குவதும் ஏணியைத் தூக்கி நகர்த்துவதுமாக முப்பது வருடம். வேலையிடத்தில் அவனுக்குப் பம்பரம் என்று பெயர். அவன் அவளுக்கு வைத்த பெயர் அரைக்கிலோ. ஐந்து வயதில் கடையிலிருந்து அரைக்கிலோ படிக்கல்லைத் தூக்கி அவன் கால்விரலில் போட்டவள் அவள்.

அன்று காலை அண்ணி போனில் சொன்னது இவ்வளவுதான். "உங்க அண்ணனுக்குத் தலை சுத்துதாம். பிரஷர் பார்க்கலாம்னா மெஷின் வேலை செய்யல. கொஞ்சம் வந்து பாரேன்." இரண்டு தெரு தள்ளியிருப்பவள், செருப்பை மாட்டும்போதே பழுதுப் பையையும் எடுத்துக்கொண்டாள். பழுது பார்க்கத்தானே கூப்பிட்டார்கள்.

"ஃபேனை வை" என்றான் அண்ணன்.

"ஓடிட்டுத்தான் இருக்கு" என்றாள் அண்ணி.

"ஜன்னலைத் திற."

"திறந்துதான் இருக்கு."

"அப்போ மூடு."

"கேட்டியா உங்க அண்ணனை? விடிஞ்சதுலேருந்து இப்படித்தான். படுக்கறாரு, உட்கார்றாரு, எழுந்திருக்கறாரு. ஒரு இடத்துல இருந்தா என்ன, கட்டில் கடிச்சுடுமா?"

"உனக்கென்ன, நீ சொல்லுவே." அவன் கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டான், மேலே எடுத்தான், மறுபடி தொங்கவிட்டான். "அரைக்கிலோ, என் கை அதுக்குப் பிடிக்கல போல. உன் கையிலயே மாட்டிக்கோ. நம்பரை என் பேர்ல எழுதிக்கோ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பையிலிருந்து சிறிய திருப்புளியை எடுத்தாள்.

பிறகு நடந்ததை நிமிடக் கணக்கில் அவளால் சொல்ல முடியும். முதலில் பேட்டரி. பேட்டரி தளர்ந்தால் பட்டையை இறுக்கும் மோட்டார் முழு மூச்சில் ஓடாது. அண்ணன் மகள் கல்லூரிக்குக் கிளம்பியவள், பையை மாட்டியபடியே கடைக்கு ஓடி நான்கு புது பேட்டரி வாங்கி வந்தாள். மாற்றினார்கள். அவள் கையில் எண், அண்ணன் கையில் எரர். அடுத்தது குழாய். ரப்பர் குழாயில் ஊசிமுனை அளவு விரிசல் இருந்தாலும் காற்று கசியும். கிண்ணத்தில் சோப்பு நீர் வாங்கி, குழாயை முக்கி, பட்டையை அமுக்கிப் பார்த்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை. அண்ணனின் முழங்கைக்கு மேல் வியர்வை பிசுபிசுத்தது. ஈரம் எந்த அளவைக்கும் ஆகாது என்று துண்டை வாங்கி நன்றாகத் துடைத்தாள். கை சில்லென்று இருந்தது. வியர்த்த கை காற்றில் சில்லிடத்தான் செய்யும் என்று நினைத்தாள்.

"தாகமா இருக்கு" என்றான் அண்ணன்.

அண்ணி சர்க்கரை கலந்த தண்ணீர் கொண்டுவந்தாள். மூன்று தலையணைகளை அடுக்கி அவனைச் சாய்த்து உட்கார வைத்துக் குடிக்கக் கொடுத்தாள். பாதியை வாங்கிக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டான்.

கடைசியாக அவள் இயந்திரத்தைப் பிரித்தாள். அடிப்பக்கம் நான்கு திருகாணி. உள்ளே நெருப்புப்பெட்டி அளவில் ஒரு காற்று மோட்டார், கடுகு போல ஒரு வால்வு, விரல்நகம் அளவு அழுத்த உணரி. அவள் முன்னால் எத்தனையோ பெட்டிகள் திறந்து கிடந்திருக்கின்றன. ஆனால் இந்த வகையை இப்போதுதான் பார்க்கிறாள். எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறார்கள் என்று ஒரு கணம் வியந்தாள். வால்வில் தூசி இருக்கலாம். அண்ணி தன் போனின் டார்ச்சைப் பிடித்தாள். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் அண்ணி." அண்ணி குனிந்தாள். இரண்டு பெண்களின் தலைகளும் அந்தச் சிறிய பெட்டிக்கு மேல் முட்டிக்கொள்ளும்படி இருந்தன. கட்டில் அவர்களுக்குப் பின்னால் இருந்தது.

"என்னைச் சரி பண்ணச் சொன்னா அதைச் சரி பண்ணிட்டிருக்கா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அதற்கும் இருவரும் சிரித்தார்கள்.

ஏழு ஐம்பத்தைந்துக்கு எல்லாவற்றையும் மாட்டி, திருகாணிகளை முடுக்கி, தன் கையில் வைத்தாள். நூற்றுப் பதினேழு, எழுபத்தைந்து. வெகு துல்லியம். அண்ணன் கையில் வைத்தாள். இறுக்கியது, முனகியது, எரர்.

"போதும், விடு" என்றான் அண்ணன். அந்தக் குரலில் கேலி இல்லை. அரைமணி நேரத்தில் முதல்முறையாக அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். உதடுகள், பெயிண்ட் அடிக்கும் முன் சுவருக்குப் பூசுகிற பட்டியின் நிறத்தில் இருந்தன. கண்கள் அவள் மேல் வந்து, நிற்காமல் தாண்டிப் போயின.

*

மருத்துவமனையில் யாரும் இயந்திரத்தைத் தேடவில்லை. அவசரப் பிரிவு டாக்டர் இளம்பெண். அண்ணனின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தாள், எடுத்தாள், கழுத்தில் வைத்தாள். "கழுத்துலதான் கிடைக்குது. துடிப்பு நூத்தி நாப்பது இருக்கும்" என்றாள் நர்ஸிடம். அதற்குள் இன்னொருவர் தலையணையை உருவிவிட்டு, கால்மாட்டில் ஒரு மடிப்புப் போர்வையை வைத்துக் கால்களை உயர்த்தியிருந்தார். டாக்டர் அண்ணனின் கட்டை விரல் நகத்தை ஒரு அழுத்து அழுத்திவிட்டு வாயசைத்து எண்ணினாள். வெளுத்த நகம் வெளுத்தபடியே இருந்தது. ஐந்து எண்ணிய பிறகுதான் மெல்ல நிறம் ஊறியது. ஒரு கருவியும் இல்லாமல் என்ன அளவை இது என்று தங்கை நினைத்தாள். நினைத்ததற்காக உடனே தன்மேல் எரிச்சல் வந்தது.

"ரெண்டு கையிலயும் பெரிய ஊசி. ரத்தம் எடுத்து குரூப் பாருங்க. நாலு பாட்டில் ரத்தம் சொல்லிடுங்க."

நரம்பு கிடைக்கவில்லை. கையைத் தட்டினார்கள், தொங்கவிட்டார்கள், தேய்த்தார்கள். சட்டையைக் கத்தரித்தபோது பையிலிருந்து மாத்திரை அட்டை ஒன்று விழுந்தது. பத்தில் எட்டுக் குழிகள் காலி.

"இது என்ன மாத்திரை?" என்றாள் டாக்டர்.

"முட்டி வலிக்கு" என்றாள் அண்ணி. "ஏணி ஏற முடியலன்னு மெடிக்கல்ல வாங்கிப் போட்டுக்குவாரு. எப்பவாவதுதான்."

"எப்பவாவதா? தினமுமா?"

அண்ணன் கட்டிலிலிருந்து, "தினம் மூணு" என்றான். "ஒரு மாசமா."

"மலம் கறுப்பா போச்சா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "நாலு நாளா. தார் மாதிரி."

"ஏன் சொல்லல?" என்று அண்ணி கத்தினாள். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"இதையெல்லாமா சொல்லுவாங்க" என்றான் அண்ணன். அது அவன் பேசியதில் கடைசிக்கு முந்தையது. கடைசியாகச் சொன்னது நர்ஸிடம், "காலை இறக்கட்டுமா?" என்பது. நர்ஸ் கூடாது என்றார்.

வெளியே நீண்ட நடைவழி. சுவரோரம் ஆணியடித்த நாற்காலிகள். அண்ணியும் மகளும் உட்கார்ந்தார்கள். தங்கையால் உட்கார முடியவில்லை. கதவுவரை போனாள், தண்ணீர் இயந்திரம்வரை வந்தாள், அங்கே மாட்டியிருந்த அறிவிப்பை மூன்று முறை படித்தும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. நடந்துகொண்டே தன் கட்டை விரல் நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்தது, ஒன்று எண்ணுவதற்குள் சிவந்தது. மறுபடி அழுத்தினாள்.

பத்தரை மணிக்கு டாக்டர் வெளியே வந்தாள். "வயித்துல புண் இருந்து ரத்தம் கசிஞ்சிருக்கு. நிறையப் போயிருக்கு. ஷாக்ல இருக்கார்."

"ஷாக்கா?" என்றாள் அண்ணி. "அவர்கிட்ட யாரும் எதுவும் சொல்லலையே டாக்டர்."

"மனசுக்கு வர்ற அதிர்ச்சி இல்லம்மா. உடம்பு முழுக்கப் போக வேண்டிய ரத்தம் போகலைன்னா அதுக்கும் ஷாக்னுதான் பேர். ஒவ்வொரு உறுப்பும் காத்து இல்லாம தவிக்குது. ரத்தம் ஏத்தறோம். குழாய் விட்டுப் பார்த்து, கசியற இடத்தை அடைக்கணும். அதுக்கு அவர் கொஞ்சம் நிலைக்கு வரணும்."

டாக்டர் திரும்பினாள். தங்கை குறுக்கே போய் நின்றாள்.

"டாக்டர், வீட்டு மெஷின் அவருக்கு மட்டும் எரர் காட்டுச்சு. எனக்கு நம்பர் வந்துச்சு. ஏன்?"

ஒருவேளை வேறு யாராவது இருந்திருந்தால் பிறகு சொல்கிறேன் என்றிருப்பார்கள். இந்த டாக்டருக்கு விளக்குவதில் ஆசை இருந்தது; கையுறையைக் கழற்றியபடியே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"பட்டையை இறுக்கிட்டு, மெதுவா காத்தை விடும் இல்லையா? அப்போ கை நரம்போட துடிப்பு பட்டையில வந்து தட்டும். அந்தத் தட்டலை வெச்சுத்தான் கணக்குப் போடுது. தட்டலே இல்லாத அளவுக்கு மெலிஞ்சுட்டா அதுக்கு எதைப் பிடிக்கறதுன்னு தெரியாது. எரர்னு போடும்."

"அப்போ மெஷின்ல கோளாறு இல்ல."

"இருந்திருக்காது."

"கை சில்லுன்னு இருந்தது."

"இருக்கும். உங்க பில்டிங்ல தொட்டியில தண்ணி குறைஞ்சா வாட்ச்மேன் என்ன பண்ணுவார்? தோட்டத்துக்குப் போற வால்வை மூடுவார், வீட்டுக் குழாய்க்கு விடுவார். உடம்பும் அதைத்தான் பண்ணும். தோல், கை, கால், குடல் எல்லா வால்வையும் இறுக்கிட்டு மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பும். கொஞ்ச நேரம் அதுல சமாளிச்சுடும். அந்த நேரத்துல ஆளு பேசுவார், ஜோக்குக்கூட அடிப்பார். ஆனா வியர்க்கும், தாகம் எடுக்கும், படபடன்னு இருக்கும், ஒரு இடத்துல இருக்க முடியாது."

"எங்க அண்ணன் எப்பவுமே ஒரு இடத்துல இருக்க மாட்டார்."

டாக்டர் அவளைப் பார்த்தாள். "அப்போ வித்தியாசம் தெரியறது கஷ்டம்தான்" என்றாள்.

"முப்பத்தஞ்சு நிமிஷம் முன்னாடி கொண்டு வந்திருந்தா?"

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டார். டாக்டர் ஓடினாள். கதவு ஆடி ஆடி நின்றது.

பதினொன்று ஐம்பதுக்கு முடிந்துவிட்டது. இரண்டாவது பாட்டில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது இதயம் நின்றது. இருபத்தைந்து நிமிடம் அழுத்திப் பார்த்தார்கள். டாக்டர் வந்து அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அண்ணி சத்தம் போடவில்லை. மகள்தான் நடைவழி முழுக்கக் கேட்கும்படி அழுதாள். அவள் அழுகை ஓயும்வரை காத்திருந்து, காகிதங்களில் கையெழுத்துப் போட டாக்டரின் மேசைக்குப் போனபோது தங்கை மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள்.

"தெரியாதுங்க" என்றாள் டாக்டர்.

"உத்தேசமா."

"சில பேருக்கு அரைமணி போதும், பிழைச்சுடுவாங்க. சில பேர் வாசல்லயே விழுந்தாக்கூட முடியாது. இவர் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னா அது பொய்."

பேனா மேசையில் நூலில் கட்டியிருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

*

மூன்று மணிக்கு வீடு நிறைய ஆட்கள். அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அண்ணி தலைமாட்டில் இருந்தாள். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், எப்படி, நேற்றுகூடப் பார்த்தேனே என்று. அண்ணி எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்.

"தலை சுத்துதுன்னார். பிரஷர் பார்க்கலாம்னா மெஷின் கெட்டுப்போச்சு. இவதான் வந்து எவ்வளவோ போராடினா பாவம். மெஷின் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

அவர்கள் தங்கையின் பக்கம் திரும்பி, உன்னால் முடிந்ததைச் செய்தாய் என்றார்கள். அண்ணனோடு வேலை பார்த்த மேஸ்திரி, "எல்லாம் டூப்ளிகேட் சரக்கும்மா. எங்க மாமியார் வீட்லயும் ஒண்ணு இருக்கு. சுவத்துல மாட்டினா சுவருக்குக்கூட நூத்திருபது காட்டும்" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "பம்பரத்தை இப்படிப் பார்க்க முடியலையே" என்று வெளியே போய்விட்டார். சொல்லச் சொல்ல இயந்திரத்தின் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. நான்கு மணிக்கு வந்த ஒருவருக்கு யாரோ வாசலில், மெஷினிலிருந்து புகை வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தங்கை நாற்காலிகளை நகர்த்தினாள். வெயிலிலிருந்து நிழலுக்கு, நிழல் நகர்ந்ததும் மறுபடி. டம்ளர்களைக் கழுவினாள், கழுவியதையே கழுவினாள். மாடிப்படி ஏறிப் போய் ஏன் வந்தோம் என்று தெரியாமல் இறங்கி வந்தாள்.

காய்கறிக் கடைக்காரர்களிடம் அவள் சத்தம் போட்டிருக்கிறாள். எடை குறைவாகக் காட்டினால் தராசின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். "நம்பர் பிடிக்கலைன்னா தராசை அடிப்பீங்களா? படிக்கல்லை வெச்சுப் பாருங்க. கல்லுக்குச் சரியாக் காட்டுதா? அப்போ தராசு சரி. மூட்டையைப் பாருங்க." இது அவள் தொழிலின் முதல் வரி. எடை தெரிந்த ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டால் போதும், கோளாறு தராசிலா சரக்கிலா என்று பிரித்துவிடலாம். காலை ஏழு இருபத்தொன்றுக்குள் அவள் தன் கையையே படிக்கல்லாக இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டாள். இரண்டு முறையும் சரியாகக் காட்டியது. இயந்திரம் சரி. அப்படியென்றால் கோளாறு எங்கே என்று ஒரு சின்னக் குழந்தைகூடச் சொல்லியிருக்கும். அதற்குப் பிறகுதான் அவள் திருப்புளியை எடுத்தாள்.

டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் மகள் சமையலறைக்குள் வந்தாள். கையில் இயந்திரம், பட்டை தொங்கியது.

"அத்தை, இதைக் குப்பையில போட்டுடட்டுமா? அம்மா கண்ல பட வேண்டாம்."

"வேண்டாம்."

"கெட்டுப்போனதுதானே அத்தை."

"அது கெடல. ஒண்ணும் ஆகல அதுக்கு."

சொல்லிவிட்டுத் திரும்பியபோது அண்ணி வாசலில் நின்றாள். தண்ணீர் குடிக்க வந்திருக்க வேண்டும்.

"என்ன சொன்னே?" என்றாள் அண்ணி.

அவள் டம்ளரை மேடையில் வைத்தாள். "மெஷின் சரியாத்தான் இருந்தது அண்ணி. டாக்டர்கிட்ட கேட்டேன். அண்ணன் கையில துடிப்பு அவ்வளவு குறைஞ்சு போயிருக்கு. அதனாலதான் நம்பர் வரல."

"அப்போ எரர்னு வந்தது?"

"அதுதான் ரீடிங்."

அண்ணி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். கூடத்தில் யாரோ இருமினார்கள்.

"எனக்கு வந்து அவனுக்கு வரலைன்னதுமே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தினம் நாலு பேருக்குச் சொல்ற விஷயம். அப்பவே கிளம்பியிருந்தா முப்பத்தஞ்சு நிமிஷம் முன்னாடி போயிருப்போம்."

"போயிருந்தா?"

"கேட்டேன். தெரியாதுன்னுட்டாங்க."

"அப்புறம் ஏன் பிரிச்சே?" அண்ணியின் குரல் உயரவில்லை. "தெரிஞ்சிருக்கணும்னா அப்புறம் ஏன் உட்கார்ந்து பிரிச்சே?"

"பிரிக்கத் தெரியும், பிரிச்சேன்" என்றாள் அவள். "அவனை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல அண்ணி. அதைப் பிரிக்கத் தெரியும்."

அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அண்ணி தண்ணீர் குடிக்காமலேயே கூடத்துக்குத் திரும்பிப் போனாள். அடுத்து வந்தவர் எப்படி என்று கேட்டபோது அண்ணி எதுவும் சொல்லவில்லை. வாசலில் நின்ற மேஸ்திரிதான் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னார்.

ஐந்து மணிக்கு அண்ணனை எடுத்துச் சென்றார்கள்.

*

ஆறரைக்கு வீடு வெறிச்சென்று இருந்தது. வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாசலில் வைத்திருந்தார்கள். மகள் கட்டிலில், காலையில் அண்ணன் உட்கார்ந்திருந்த அதே ஓரத்தில், சுருண்டு தூங்கிவிட்டாள். தங்கை தன் பழுதுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதா, இருப்பதா என்று தெரியாமல் கூடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த மாலையில் அண்ணி அவளிடம் ஒரு சொல்கூடப் பேசியிருக்கவில்லை.

அழைப்புமணி அடித்தது. கீழ்வீட்டுத் தையல்காரர். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"கேட்கவே கூச்சமா இருக்கு. எங்க வீட்டம்மாவுக்கு மயக்கமா வருதாம். காலையிலேருந்து அழுதுட்டு ஒண்ணும் சாப்பிடல. எப்பவும் உங்க மெஷின்லதான் பார்ப்போம்... அது கெட்டுப்போச்சுன்னாங்க. வேற யார்கிட்டயாவது இருக்கா?"

தங்கை அண்ணியைப் பார்த்தாள். அண்ணி சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அது கெடல" என்றாள் அண்ணி. "கொடுத்தனுப்பு."

தங்கை இயந்திரத்தோடு கீழே போனாள். தையல்காரரின் மனைவியின் கையைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக, உலர்ந்து இருந்தது. கட்டை விரல் நகத்தை அழுத்திவிட்டாள், உடனே சிவந்தது. அதற்குப் பிறகுதான் பட்டையைச் சுற்றினாள். நூற்று முப்பது, எண்பத்து நான்கு. "ஏதாவது சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு மேலே வந்தாள்.

அண்ணி அதே இடத்தில்தான் இருந்தாள். "எவ்வளவு?" என்றாள்.

"நூத்தி முப்பது."

"இந்தப் பில்டிங்ல பாதிப் பேர் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றாள் அண்ணி. பிறகு, "டார்ச் பிடிச்சது நான்" என்றாள்.

தங்கை இயந்திரத்தைத் தரையில் வைத்தாள்.

"ஒரு பேப்பர் எடு. எழுதி இதும்மேல ஒட்டு. பெரிசா எழுது. கண்ணாடி போடாதவங்களுக்கும் தெரியணும்."

பழுதுப் பையில் சரிபார்த்த தராசுகளுக்கு ஒட்டுகிற வெள்ளைச் சீட்டுகள் இருந்தன. அவள் தரையில் உட்கார்ந்தாள். மருத்துவமனைக்குப் போனதிலிருந்து அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. டாக்டர் சொன்னதையும் மருத்துவமனையில் பார்த்ததையும் நினைத்து நினைத்து எழுதினாள். அண்ணி பக்கத்தில் வந்து, எழுத எழுதப் படித்தாள்.

"தலையணை வைக்கக் கூடாதுன்னு போடு" என்றாள் அண்ணி.

அவள் போட்டாள்.

"குடிக்க ஒண்ணும் கொடுக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொன்னாங்களே, அதையும் போடு. சர்க்கரைத் தண்ணிகூட."

தங்கை "வேண்டாமே அண்ணி" என்று சொல்ல வாயெடுத்து, அதையும் போட்டாள். அண்ணி சீட்டைக் கையில் வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"வண்டியைக் கூப்பிடறதை ஏன் கடைசியில போட்டிருக்கே?"

"மத்ததெல்லாம் செஞ்சுட்டு..."

"அதைத்தானே நாம பண்ணினோம். மாத்து. அதை மேல போடு."

அவள் இன்னொரு சீட்டு எடுத்தாள். இயந்திரத்தின் மேல்பக்கத்தைத் துணியால் துடைத்து, ஒட்டி, நான்கு ஓரங்களையும் நகத்தால் தேய்த்து அழுத்தினாள்.

*இந்த மெஷின் சரியாக இருக்கிறது. உங்கள் கையில் நம்பர் வந்து, உடம்பு சரியில்லாதவர் கையில் இரண்டு முறை எரர் வந்தால், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை தலையணை இல்லாமல் படுக்க வையுங்கள். காலை உயர்த்துங்கள். போர்த்துங்கள். குடிக்க எதுவும், சர்க்கரைத் தண்ணீர்கூட, கொடுக்காதீர்கள். மெஷினைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் இருங்கள்.*